பர்ட்டன் என்றொரு கருப்பு ஏல்

லண்டன் பப் ஒன்றில் டிசம்பர் மாலையில் அந்தத் தம்ளர் மேசைக்கு வந்ததும், முதலில் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். மேசையில் இருந்தவரை டிகாக்‌ஷன் மாதிரி கருத்திருப்பது, வெளிச்சம் பட்டதும் மாதுளை முத்தின் சிவப்பாகிவிடும். மேலே இளம்பழுப்பில் ஒரு விரல்கடை நுரை. மூக்கருகே கொண்டுபோனால் கருப்பட்டிப் பாகு காய்கிற வாசம். பின்னாலேயே உலர்திராட்சையும் பேரீச்சையும். முதல் வாய் இனிக்கும். விழுங்கிய பிறகுதான் ஹாப்ஸ் பூவின் கசப்பு நாக்கின் அடியில் மெல்லத் தலைகாட்டும். காப்பிக்கொட்டை கருகியது போன்ற கசப்பு ஸ்டவுட் என்ற கருப்பு பீருக்கு உரியது. கருக வறுத்த தானியத்தால் வருவது. இதன் கருமை பெரும்பாலும் பாகின் கருமை.

பீர் என்றாலே வியர்த்து நிற்கும் பாட்டில் என்று பழகிய ஊர்க்காரர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஏல் என்ற இந்த பீர் வகை சில்லென்று இருக்காது. நிலவறையின் வெப்பநிலையில், 12, 13 டிகிரியில்தான் ஊற்றுவார்கள். ஐஸில் வைத்தால் கருப்பட்டியும் பேரீச்சையும் காணாமல் போய், வெறும் இனிப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். நிதானமாகக் குடிக்க வேண்டிய சாமான். அரை மணி நேரம் கழித்துத் தம்ளரின் அடியில் கிடப்பதுதான் இருப்பதிலேயே நல்ல வாய் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அதில் பொய்யில்லை.

இந்த வகைக்கு இங்கிலாந்தில் இன்று வழங்கும் பெயர் ‘வின்டர் வார்மர்’. அக்டோபர், நவம்பரில் பப்புக்கு வரும், மார்ச்சில் போய்விடும். பெயரைக் கேட்டால் ஏதோ கம்பளிப் போர்வைபோல ஆதிகாலம் தொட்டே குளிருக்கென்று செய்தது எனத் தோன்றும். குளிர்காலத்தில் காய்ச்சிய பீர் பழையதுதான். குளிர்காலத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிய பீர் அவ்வளவு பழையது அல்ல. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில் இந்த ஏலின் சுவையான வரலாறு பாதி மறைந்துவிடுகிறது.

காய்ச்சியதைப் பற்றி முதலில். குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன் ஐரோப்பாவில் பீர் காய்ச்சுவது பருவத் தொழில். முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்து இறக்கும் சாறு, ஈஸ்ட் சேர்ந்து நொதிக்கும்போது தானாகவே சூடேறும். வெளியிலும் வெயில் என்றால் சரக்கு புளித்துப் போகும். பவேரியாவில் 1553 இல் ஒரு ஆணையே வந்தது: செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பீர் காய்ச்சலாம். இங்கிலாந்தில் ஆணை தேவைப்படவில்லை, அனுபவம் போதுமானதாக இருந்தது. புது பார்லியும் புது ஹாப்ஸும் கைக்கு வரும் அக்டோபரில் காய்ச்சிய ‘அக்டோபர் பீர்’ ஓராண்டு, ஈராண்டு பீப்பாயில் கிடக்கும் அளவு கெட்டியானது. பணக்கார வீடுகளின் நிலவறைகளில் அதற்குத் தனி மரியாதை.

நார்வேக்காரர்கள் ஒரு படி மேலே போனார்கள். இடைக்காலத்தில் மேற்கு நார்வேயில் நடப்பிலிருந்த குலத்திங் சட்டத்தின்படி, பண்டிகை ஏல் காய்ச்சுவது விவசாயியின் கடமை. கிறிஸ்துமஸுக்குள் காய்ச்சி, கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் நல்ல விளைச்சலும் சமாதானமும் வேண்டி அர்ப்பணிக்க வேண்டும். தவறினால் பிஷப்புக்கு மூன்று மார்க் அபராதம். தொடர்ந்து மூன்று ஆண்டு தவறினால் சொத்து பறிமுதல். பாதி அரசனுக்கு, பாதி பிஷப்புக்கு. குடித்தால் தண்டிக்கிற சட்டங்களை நாம் அறிவோம். காய்ச்சாவிட்டால் சொத்தைப் பிடுங்குகிற சட்டம் உலகத்தில் வேறு எங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

குளிர் இல்லாத நாட்டில் பீர் காய்ச்ச நினைத்தவர்கள் என்ன செய்தார்கள்? மலை ஏறினார்கள். இங்கிலாந்தில் குளிர் வரும்வரை காத்திருந்த தொழில், இந்தியாவில் குளிர் இருக்கும் இடத்தைத் தேடிப் போனது. நீலகிரியில் காசில் ப்ரூவரி 1857 இல் தொடங்கியது அந்தக் கணக்கில்தான். அதையும் வேறு சில தென்னிந்திய ஆலைகளையும் சேர்த்து ஸ்காட்லாந்துக்காரர் தாமஸ் லீஷ்மன் 1915 இல் உருவாக்கியதே யுனைட்டெட் ப்ரூவரீஸ். இலங்கையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நுவரெலியாவில் பீர் ஆலை வந்ததற்கும் அதே மலைக்குளிர்தான் காரணம்.

இனி பர்ட்டன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஸ்டாஃபர்ட்ஷயரில், டிரென்ட் ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர் பர்ட்டன் அபான் டிரென்ட். 1002 வாக்கில் அங்கே பெனடிக்டைன் மடம் ஒன்று எழுந்தது. துறவிகளின் ஏலுக்குப் பெயர் கிடைத்ததற்குக் காரணம் கிணற்று நீர். ஆற்று நீரை யாரும் பீருக்குத் தொடுவதில்லை. ஊருக்கு அடியில் ஜிப்சம் படிவங்கள்; அவற்றின் ஊடே கசிந்து வரும் நீரில் கால்சியம் சல்ஃபேட் ஏராளம். இந்த நீரில் காய்ச்சிய பீர் தெளியும், கெடாமல் நிற்கும், ஹாப்ஸின் கசப்பு எடுப்பாகத் தெரியும். பர்ட்டன் பீரைப் புதிதாக ஊற்றியதும் தீக்குச்சி உரசியது போன்ற கந்தக வாசம் ஒரு கணம் எழும். அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் முத்திரை.

நல்ல தண்ணீர் இருந்தும் சாலை மோசம். பீப்பாய் கனமானது, வண்டிக்கூலி சரக்கின் விலையைத் தின்றுவிடும். 1699 இல் டிரென்ட் ஆற்றில் படகுப் போக்குவரத்துக்கு நாடாளுமன்றம் அனுமதி கொடுத்து, அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் படகுகள் பர்ட்டன் வரை வந்ததும் கதை மாறியது. பர்ட்டனிலிருந்து ஹல் துறைமுகம், அங்கிருந்து பால்டிக் கடல், டான்சிக், ரீகா, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். போகும்போது ஏல், திரும்பும்போது இரும்பும் மரமும். அந்த மரத்தில் அடுத்த சரக்குக்குப் பீப்பாய் செய்துகொண்டார்கள். பெஞ்சமின் வில்சன் 1740களில் ஆலை தொடங்கினார். சரக்கு வண்டி ஓட்டிய வில்லியம் பாஸ், ஓட்டுவதைவிடக் காய்ச்சுவது லாபம் என்று கண்டு 1777 இல் இறங்கினார்.

ரஷ்யாவுக்குப் போன அந்த ஏல் பழுப்புக் கருமை, திகட்டும் இனிப்பு, நல்ல போதை. கெட்டியாக இறக்கும் முறையைத் தேங்காய்ப்பால் பிழிகிற வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. மால்ட்டில் முதலில் வெந்நீர் ஊற்றி வடிப்பது முதல் பால்: அடர்த்தி, இனிப்பு, அதுதான் உசத்தி ஏல். அதே மால்ட்டில் மறுபடி ஊற்றி வடிப்பது இரண்டாம் பால்: அன்றாட பீர். மூன்றாவது வடித்தது சிறுவர்களும் வேலைக்காரர்களும் குடிக்கும் ‘ஸ்மால் பீர்’. பர்ட்டன்காரர்கள் கடல் தாண்டி அனுப்பியது முதல் பாலை.

முதல் அடி நெப்போலியனிடமிருந்து விழுந்தது. 1806 இல் ஆங்கிலச் சரக்குக்கு ஐரோப்பியத் துறைமுகங்களை அவர் அடைத்தார். போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1822 இல் ரஷ்ய அரசு புதிய சுங்கச் சட்டம் கொண்டுவந்து ஆங்கிலப் பொருள்கள் பலவற்றைத் தடுத்தது. அதில் ஒரு விசித்திரம்: லண்டனின் கருப்பு பீரான போர்ட்டருக்கு விலக்கு உண்டு, பர்ட்டன் ஏலுக்கு இல்லை. ரஷ்யாவுக்கென்று காய்ச்சிய சரக்கு பர்ட்டனில் தேங்கி நின்றது.

வில்சன் ஆலையை 1807 இல் வாங்கிய அவருடைய உறவினர் சாமுவேல் ஆல்சப் அப்போது அதன் முதலாளி. 1853 இல் அச்சான ஒரு புத்தகம் வழி பரவிய கதை இது. லண்டன் விருந்தொன்றில் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர் மார்ஜரிபாங்க்ஸ் ஆல்சப்பிடம், ரஷ்யாவை விடும், இந்தியா இருக்கிறதே என்றாராம். இந்தியாவுக்கு அப்போது பெரும்பாலும் பீர் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் லண்டன் போ பகுதியின் ஹாட்சன் குடும்பத்தார். கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்கு அவர்கள் ஆலை பக்கம். கப்பல் தலைவர்களுக்கு நீண்ட கடனும் கொடுத்தார்கள். ஆனால் விலையை ஏற்றி, தலைவர்களை ஒதுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஹாட்சனின் பாட்டில் ஒன்று பர்ட்டனுக்குப் போனது. ஆல்சப்பின் தலைமைக் கைவினைஞர் ஜோப் குட்ஹெட் ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டார் என்பார்கள். அவருடைய நாக்கு இனிப்பில் பழகியது. இதுவோ வெளிர் நிறம், நெஞ்சைத் தொடும் கசப்பு. பிறகு தேநீர்க் கெண்டியில் ஒரு சிட்டிகைச் சோதனை போட்டுப் பார்த்து, இதுவா பிரமாதம் என்று ஆரம்பித்தாராம்.

கெண்டிக் கதையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு மிளகு என்பது இருக்கட்டும். 1823 முதல் ஆல்சப்பின் வெளிர் ஏல் இந்தியாவுக்குக் கப்பலேறியது உண்மை. பாஸ் நிறுவனமும் பின்னாலேயே வந்தது. ஜிப்சம் நீருக்கும் கசப்பு ஹாப்ஸுக்கும் ஏற்கெனவே பொருத்தம். ஹாட்சனால் அதோடு போட்டி போட முடியவில்லை. மதராஸிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் துரைமார் மேசையில் அமர்ந்த ‘இந்தியா பேல் ஏல்’, ரஷ்யா கதவைச் சாத்தியதால் பர்ட்டனுக்குக் கிடைத்த வாழ்வு. கருப்பு ஏல் வழிவிட்டது. வெளிர் ஏல் ஊரைப் பணக்காரர் ஊராக்கியது.

ஆனாலும் கருப்பு சாகவில்லை. அதன் மிகக் குளிரான பயணம் இதற்குப் பிறகுதான் நடந்தது. ஆர்க்டிக் கடல் வழியாகப் பசிபிக்குக்குப் பாதை தேடி 1845 இல் போன சர் ஜான் ஃபிராங்க்ளினும் உடன் சென்றவர்களுமாக 129 பேரும் திரும்பவில்லை. அவர்களைத் தேடி 1852 இல் சர் எட்வர்ட் பெல்ச்சர் தலைமையில் ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. அந்தப் பயணத்துக்கென்றே ஆல்சப் நிறுவனம் ஒரு ஏல் காய்ச்சியது: ‘ஆர்க்டிக் ஏல்’. தண்ணீரின் அடர்த்தியை 1000 என்று வைத்தால், நொதிப்பதற்கு முன் இதன் சாறு 1130 வரை இருந்தது. அன்றாட பீரின் சாறு 1040, 1050ஐத் தாண்டினாலே அதிகம் என்பதோடு ஒப்பிட்டால் அது கிட்டத்தட்டப் பாகு. சர்க்கரையும் ஆல்கஹாலும் அவ்வளவு இருந்ததால் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரி செல்சியஸ் வரை உறையாமல் நின்றது என்று பதிவு உண்டு. மாலுமிகளுக்கு அது பீராகவும் இருந்தது, ஆகாரமாகவும் இருந்தது. ஸ்கர்வி நோயைத் தடுக்கும் என்றும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு இன்றைய மருத்துவம் துணை நிற்காது.

பெல்ச்சர் பயணம் கப்பல் கணக்கில் படுதோல்வி. பனியில் சிக்கிய நான்கு கப்பல்களை 1854 இல் கைவிட்டுத் திரும்பினார்கள். அதில் ‘ரெசல்யூட்’ தானாகவே பனியிலிருந்து விடுபட்டு மிதந்து அமெரிக்கர் கையில் கிடைத்தது. அவர்கள் செப்பனிட்டுத் திருப்பித் தந்ததற்கு நன்றியாக, பின்னாளில் அந்தக் கப்பல் உடைக்கப்பட்டபோது அதன் மரத்தில் விக்டோரியா மகாராணி ஒரு மேசை செய்து அனுப்பினார். அமெரிக்க ஜனாதிபதிகள் பலர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட மேசை அதுதான். ஆர்க்டிக் ஏலுக்கும் மேசைக்கும் நேரடி உறவில்லை. ஒரே பயணத்தின் மிச்சங்கள், அவ்வளவே. 1875 இல் ஜார்ஜ் நேர்ஸ் வடதுருவத்துக்குப் புறப்பட்டபோதும் ஆல்சப் நிறுவனம் மறுபடி அதே ஏலைக் காய்ச்சிக் கொடுத்தது. மதராஸ் வெயிலுக்கு வெளிர் சரக்கு, துருவப் பனிக்குக் கருப்புச் சரக்கு, இரண்டும் ஒரே ஊரின் கிணற்றுத் தண்ணீர்.

இதற்கிடையே ‘பர்ட்டன்’ என்பது ஊர்ப் பெயரிலிருந்து சரக்கின் பெயராகிவிட்டது. லண்டன் ஆலைகளே தங்கள் நகரத்துத் தண்ணீரில் ‘பர்ட்டன்’ காய்ச்சத் தொடங்கின. மணப்பாறை முறுக்கை மணப்பாறைக்கு வெளியேயும் சுடுவதில்லையா என்ன? 1880 இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டு, பீரின் சாற்று அடர்த்தி மீது வரி போட்டார். எதில் காய்ச்சினாலும் சரி, அடர்த்திக்கு வரி கட்டு என்றார். ஆலைக்காரர்கள் கறுத்த பாகுச் சர்க்கரையைத் தயக்கமின்றிச் சேர்த்தார்கள். நாம் ருசித்த கருப்பட்டி வாசத்தில் ஒரு பங்கு கிளாட்ஸ்டனின் வரிக்கணக்குக்குச் சொந்தம்.

லண்டன் பப்புகளில் பர்ட்டனைப் பரிமாறியதில் ஒரு தனி அழகு உண்டு. மற்ற பீர்கள் நிலவறையில் கிடக்க, கைப்பம்பு இழுத்தால் மேலே வரும். குளிர்காலத்தில் பர்ட்டனுக்கு மட்டும் ‘பின்’ என்கிற சிறிய பீப்பாய் ஒன்றைக் கவுன்டர் மேலேயே வைத்துவிடுவார்கள். 20 லிட்டர் பிடிக்கும். குழாயைத் திருகினால் நேரே தம்ளரில். இன்னும் சூடு வேண்டுமென்றால் செம்பினால் செய்த கூம்பு ஒன்று இருக்கும். அதில் ஏலை ஊற்றிக் கணப்பின் தணலுக்குள் கூர்முனையைச் செருகி வைப்பார்கள். இரண்டு நிமிடத்தில் ஆவி வரும். ஜாதிக்காய் துருவிப் போட்டு, சில வீடுகளில் சுட்ட ஆப்பிளையும் மசித்துப் போட்டுக் குடிப்பார்கள். ஆப்பிள் போட்டதற்கு ‘ஆட்டுக்குட்டிக் கம்பளி’ என்று பெயர். மேலே நுரைத்து மிதக்கும் வெண்ணிறச் சதை அப்படித் தெரியுமாம்.

முதல் உலகப் போரில் தானியம் காக்க அரசு பீரின் கெட்டித்தன்மையைக் குறைக்கச் சொன்னது. போர் முடிந்த பிறகும் அது பழைய அளவுக்கு ஏறவேயில்லை. இரண்டாம் போரில் விமானப் படையினர் திரும்பி வராத தோழனைப் பற்றி ‘பர்ட்டன் குடிக்கப் போயிருக்கிறான்’ என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த வழக்கு இந்த ஏலிலிருந்து வந்தது என்பது பல விளக்கங்களில் ஒன்று. போர் முடிந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இளைஞர்கள் கசப்பான ‘பிட்டர்’ பக்கம் சாய்ந்தார்கள். இனிப்பும் கருமையுமான பர்ட்டன் தாத்தாக்களின் சரக்காகி, ஆண்டு முழுவதும் விற்றது குளிர்கால மாதங்களுக்குள் சுருங்கியது.

இந்தச் சுருக்கம் தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. ஒரு தலைமுறைக்கு முன் மண்பானை அன்றாடச் சமையலுக்கு உரியது. அலுமினியமும் எவர்சில்வரும் வந்த பிறகு தை முதல் நாளுக்கு மட்டும் உரியதாகிவிட்டது. புழக்கத்திலிருந்து போகும் பண்டம் கடைசியாக ஒதுங்கும் இடம் பண்டிகை. பர்ட்டன் ஒதுங்கிய பண்டிகை கிறிஸ்துமஸ்.

1971 இல் காட்சி முடிந்து பெயர் மாறியது. தென் லண்டனின் வான்ட்ஸ்வொர்த்தில் இருந்த யங்ஸ் நிறுவனம் தன் ‘பர்ட்டன்’ ஏலுக்கு ‘வின்டர் வார்மர்’ என்று புதுப் பெயர் சூட்டியது. காய்ச்சியது பழைய பர்ட்டனைத்தான். ஆற்றின் மறுகரையில் சிஸ்விக்கில் ஃபுல்லர்ஸ் நிறுவனமும் அதே ஆண்டுகளில் தன் ‘ஓல்டு பர்ட்டன் எக்ஸ்ட்ரா’வை நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் கொண்டுவந்த குளிர்கால பீருக்கு ‘இஎஸ்பி’ எனப் பெயரிட்டது. பெரிய ஆலைகளின் காற்றடைத்த பீருக்கு எதிராக நான்கு நண்பர்கள் கேம்ரா என்ற குடிமக்கள் இயக்கத்தைத் தொடங்கியதும் அதே 1971 இல். பீப்பாய் ஏலைக் காப்பாற்றியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இந்தக் கருப்பு ஏலுக்குப் பர்ட்டன் என்ற பெயர் திரும்ப நிலைக்கவில்லை. புதுத் தலைமுறை ‘வின்டர் வார்மர்’ என்பதை ஏதோ பழங்கால வகை என்றே நம்பியது.

வான்ட்ஸ்வொர்த் ஆலையும் நெடுநாள் நிற்கவில்லை. 1581 முதல் பீர் காய்ச்சியதற்குச் சான்று உள்ள இடம். 1835 இல் நிறுவிய நீராவி இயந்திரம் அங்கே இருந்தது. சுற்றுவட்டாரப் பப்புகளுக்கு ஷயர் குதிரை வண்டியில் பீப்பாய் போய்க்கொண்டிருந்தது. 2006 செப்டம்பரில் அது மூடப்பட்டது. அதே மாதம் அதன் தலைவர் ஜான் யங்கும் காலமானார். அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. 2021 இல் சாம்புரூக்ஸ் என்ற சிறு ஆலை அங்கே குடிவந்து, பழைய வளாகத்தின் ஒரு மூலையில் மீண்டும் ஏல் காய்ச்சுகிறது.

2006 ஆம் ஆண்டே பர்ட்டன் ஊரில் வேறொன்றும் நடந்தது. பாஸ் ஆலையின் பழைய நிலவறையில் மறந்துபோன பாட்டில்கள் சுமார் 200 கிடைத்தன. அவற்றில் மிகப் பழையது 1869 இல் ஆலையின் பங்குதாரர்களான ராட்கிளிஃப் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்த மகிழ்ச்சிக்குக் காய்ச்சிய கெட்டி ஏல். மெழுகு முத்திரையை உடைத்துச் சிலர் ருசித்துப் பார்த்தார்கள். 137 ஆண்டுக்குப் பிறகும் அது குடிக்கும் பதத்தில் இருந்தது.